முனிலட்சுமியின் ஐந்து புடவைகள்

ராஜாத்தி மூட்டையோடு வந்து நின்றபோது தேவமணி ஒரு ரவிக்கையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்து அந்தக் கையை அவள் பிரிப்பது மூன்றாவது முறை.

அது 1957ஆம் வருஷம், கார்த்திகை மாதம். மூக்கண்டப்பள்ளியில் ராஜாத்தியைத் தெரியாதவர்கள் இல்லை. அவளுடைய அக்கா முனிலட்சுமி புரட்டாசியில் பிரசவத்தில் செத்துப்போனாள். குழந்தை பிழைத்தது. குழந்தையை வளர்க்க ஆள் வேண்டும் என்று பாரூரிலிருந்து ராஜாத்தியை அழைத்து வந்து, அடுத்த மாதமே அக்கா புருஷன் கோவிந்தப்பனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோளில் குழந்தை தூங்கியது. ராஜாத்தி மூட்டையைத் தரையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். ஐந்து புடவைகள்.

"எங்கக்காளுதுங்க. இதையே கட்டிக்கோ, புதுசு எதுக்குன்றாங்க வூட்ல. என்னால கட்ட முடியல. தூக்கிப் போடவும் முடியல. பாப்பாவுக்கு ஒரு போர்வையா தெச்சிக் குடுங்க. அவ அம்மா துணியிலயாவது தூங்கட்டும்."

தேவமணி புடவைகளைத் தொட்டுப் பார்த்தாள். செங்கல் நிறத்தில் ஒன்று, மாம்பழ மஞ்சளில் ஒன்று, பச்சை ஒன்று, வெளிறிய ரோஜா நிறம் ஒன்று. ஐந்தாவது ஊதாக் கட்டம் போட்டது.

"இதுதான் கடைசியா கட்டியிருந்தா. வலி வந்தப்போ" என்றாள் ராஜாத்தி. "நான் இன்னும் தண்ணில போடல. அக்கா வாசம் இருக்குது."

வேண்டாம் என்று சொல்ல தேவமணிக்கு வாய்வரை வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் பாதிரியார் மனைவிக்கு ஓர் ஒட்டுப் போர்வை தைத்துக் கொடுத்தாள். பழைய துணிகளை நான்கைந்து அடுக்காக விரித்து, மேலே வண்ணத் துண்டுகளைப் பொருத்தி, விரற்கடை இடைவெளி விட்டு வரிவரியாக ஓட்டத் தையல் போடுகிற வேலை அது. தெலுங்குக்காரர்கள் அதைப் பொந்த என்பார்கள். எந்த வீட்டிலும் பெண்கள் தைப்பதுதான். ஆனால் தேவமணி தைத்ததில் ஒரு வரிகூட இம்மி கோணவில்லை. ஓசூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். அதன்பிறகு அவளால் ஒரு போர்வையையும் முழுதாகத் தைத்து முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியும் அந்தப் பழைய வரிகளைவிட மட்டமாகத் தெரியும். பிரிப்பாள். மறுபடி தைப்பாள். மறுபடி பிரிப்பாள். சின்ன வயதில் அவளை யாரும் கண்டித்து வளர்க்கவில்லை, தப்பு செய்தால் அடிக்கவில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

இதையெல்லாம் ராஜாத்தியிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தை மாசத்துக்குள்ள குடுத்துடறேன்மா" என்றாள் தேவமணி.

மார்கழி வந்தது. அந்தப் பக்கத்து மார்கழிக் குளிரில் பகல் பத்து மணிக்கும் பனி விலகாது. ராஜாத்தி வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். குழந்தையைக் கோவிந்தப்பனின் பழைய கம்பளித் துண்டில் சுற்றியிருந்தாள். கம்பளி குத்தி அதன் கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"ஆச்சாங்க?"

"அடுத்த வாரம் வா கண்ணு. ஒரு ஓரம்தான் பாக்கி."

ஓரத்துக்கு அவள் வரவே இல்லை. நடுவிலேயே நான்கு வரிகளைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். முதலில் மஞ்சள் துண்டுக்கும் ஊதாவுக்கும் நடுவே மடிப்பு விழுந்ததாகத் தோன்றியது. பிரித்தாள். அப்புறம் தையல் நெருக்கமாகிவிட்டது. பிரித்தாள். ஒருநாள் எல்லாம் சரியாகத்தான் வந்தது. தூரத்தில் நின்று பார்த்தாள். மூன்றாவது வரி லேசாகச் சரிந்திருப்பது போலிருந்தது. செத்தவளின் துணி, தாயில்லாத பிள்ளைக்கு. இதில்கூட ஒரு நேர்கோடு வராதா உனக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு அதையும் பிரித்தாள்.

அவள் கணவன் ஜேம்ஸ் கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்தான். சாப்பிட உட்கார்ந்தவன் அவள் கையைப் பார்த்துச் சொன்னான், "நல்லாத்தானே இருக்குது தேவமணி. எதுக்குப் பிரிக்கற?"

"உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது, சரி. அந்தக் கொழந்தைக்குத் தெரியுமா?"

அவள் அடுத்த தையலுக்கு அடியில் கத்தரிக்கோலை நுழைத்தாள்.

தை பிறந்து நான்கு நாள் கழித்து அது நடந்தது. தரையில் விரித்து, மூலைகளில் கல் வைத்திருந்த போர்வையை உதறுவதற்காகத் தூக்கினாள். சர்ரென்று ஒரு சத்தம். ஊதாக் கட்டத் துண்டு நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. தபால் தலையை வரிசையிலிருந்து கிழித்த மாதிரி, ஊசி போன பாதையில் அப்படியே கிழிந்திருந்தது. பதறிப்போய் மஞ்சளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரே கோட்டில் எத்தனையோ தடவை குத்திய துளைகள். விரலால் லேசாக அழுத்தியதும் அதுவும் விட்டுக்கொடுத்தது. மற்ற மூன்றும் அப்படித்தான். கட்டிக் கட்டி நைந்த துணி. எவ்வளவு பிரிப்பைத் தாங்கும்?

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. அந்தத் துணி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைக் கட்டியவளும் இல்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினாள். முதல் முறை தெருமுனைவரை போய்த் திரும்பினாள். இரண்டாம் முறை, கோவிந்தப்பன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ராஜாத்தி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "முடிஞ்சிடிச்சாங்க?" என்றாள்.

"முடிஞ்ச மாதிரிதான்" என்றாள் தேவமணி.

அந்த வார்த்தை அவளை வேறு வழியில் தள்ளியது. முட்டை விற்றுச் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு, தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று ஜேம்ஸிடம் சொல்லிவிட்டு, ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினாள். சிக்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். மடியில் ஒளித்து வைத்திருந்த ஐந்து கிழிசல்களை எடுத்து எடுத்துக் காட்டினாள். நான்கு நிறங்கள் சுலபமாகக் கிடைத்தன. ஊதாக் கட்டம்தான் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு சந்துக்கடைக்காரர் அடியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டு, "இதே பேக்கா?", இதுதான் வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். அதுவேதான். கட்டத்தின் அளவுகூட அதே.

வீட்டுக்கு வந்து புதுத் துணிகளைச் சவுக்காரம் போட்டுப் பதினொரு முறை துவைத்தாள். கல்லில் அடித்தாள். வெயிலில் காயப்போட்டு நிறத்தை இறக்கினாள். பழசு போலவே ஆகிவிட்டன. பிறகு தைக்க உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு நாளில் முடித்தாள். ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை. கை தண்ணீர் போல ஓடியது. பத்து வருஷமாக வராத நேர்கோடு ஊசி வைத்த இடத்திலெல்லாம் வந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இது பொய். பொய்யைக் கெடுத்துவிடுவோம் என்று யாருக்காவது பயம் வருமா? அசல் துணியின் கிழிசல்களை மூட்டையாகக் கட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள்.

ராஜாத்தி போர்வையைக் கையில் வாங்கியதும் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "துவைச்சிட்டீங்களா?" என்றாள்.

"ஆமா. அழுக்கா இருந்துச்சி."

"பரவால்லீங்க." கட்டத்தை விரலால் தடவினாள். "எவ்ளோ அழகா தெச்சிருக்கீங்க. எங்கக்கா பாத்தா பூரிச்சிப் போவா."

போர்வையின் பேச்சு நான்கைந்து ஊருக்குப் பரவியது. சர்ச்சிலிருந்து வந்து பார்த்தார்கள். பழையதைவிட இதுதான் ஒசத்தி என்று பாதிரியார் மனைவியே சொன்னாள். மாரம்மா என்கிற பக்கத்துவீட்டுக்காரி தன் மகளுக்கு ஒன்று வேண்டும் என்று புடவைகளைக் கொண்டுவந்து போட்டாள். தேவமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.  தண்ணீருக்குப் போகும்போது கோவிந்தப்பன் வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றிப் போனாள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் ராஜாத்தியே வந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதம். போர்வையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக் குழந்தைக்குக் காட்டினாள்.

"இந்த மஞ்சள் இருக்குதில்ல, இதைக் கட்டிகினுதான் உங்கம்மா பாரூர் ஏரிக்கரையில என்னைத் தூக்கிகினு ஓடுனா. மாடு தொரத்திச்சி. இந்தப் பச்சை, உங்கப்பன் வாங்கிக் குடுத்தது." பிறகு தேவமணியிடம் திரும்பி, "தெனமும் சொல்றேங்க. ஊதாவைத் தொட்டா மட்டும் இவ அழுகைய நிறுத்திடறா. எப்படித் தெரியுமோ, பெத்தவளோடதுன்னு" என்றாள்.

குழந்தை ஊதாத் துண்டின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பியது.

தேவமணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவளாகும். சாகும்வரை அந்தக் கடைத்துணியை அம்மா என்று நினைத்துத் தொட்டுக்கொண்டிருக்கும். அவள் திரும்பி வந்தாள்.

"ராஜாத்தி, அது உங்கக்கா துணி இல்ல."

"என்னாங்க?"

"உங்கக்கா துணி கிழிஞ்சிப்போச்சி. நான்தான் பிரிச்சிப் பிரிச்சிக் கெடுத்துட்டேன். இது பெங்களூர்ல வாங்குனது. சொல்ல பயந்துகினு மாத்திக் குடுத்துட்டேன்."

ராஜாத்தி அவளையே பார்த்தாள். முதலில் புரியாதவள் போல இருந்தாள். பிறகு மெல்லக் குழந்தையின் வாயிலிருந்து துணியை இழுத்தாள். குழந்தை வீறிட்டது.

"அப்போ இத்தன நாளா நான் பாப்பாகிட்ட பொய் சொல்லிகினு இருந்தேனா?"

"நீ சொல்லல கண்ணு. நான்தான்..."

"கண்ணுன்னு சொல்லாத!" இதுவரை 'ங்க' போட்டுப் பேசியவள் சட்டென்று நீ என்றாள். "எங்க அது? எங்கக்கா துணி எங்க?"

தேவமணி பெட்டியைத் திறந்து மூட்டையை எடுத்துக் கொடுத்தாள். ராஜாத்தி பிரித்துப் பார்த்தாள். நார்நாராகக் கிடந்த ஊதாத் துணியை எடுத்து மூக்கில் வைத்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழகான போர்வையைச் சுருட்டித் தேவமணியின் காலடியில் போட்டுவிட்டு, மூட்டையையும் வெறும் முந்தானையில் சுற்றிய குழந்தையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

மூன்றாம் நாள் ஊருக்கே தெரிந்தது. மாரம்மா தன் புடவைகளை வந்து வாங்கிப் போனாள். ஒன்றும் திட்டவில்லை. ஒவ்வொன்றையும் உதறி, தன்னுடையதுதானா என்று பார்த்து எடுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம் என்று தேவமணிக்குத் தோன்றியது. அந்தப் பொய்ப் போர்வையை ஜேம்ஸ் பெங்களூருக்குக் கொண்டுபோய் அவள் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

"நீ தைக்காட்டி உலகம் நின்னுடாது. விட்டுத் தொலை" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

உண்மைதான், நிற்காது. அதுதான் அவளை அறுத்தது. தைப்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது. அதிலும் இப்போது உண்மையாகத் தைத்தால் கெடுக்கிறாள், பொய்யாகத் தைத்தால் நன்றாக வருகிறது. இப்படிப்பட்ட கை எதற்கு? ஒருநாள் காலை கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. பின்னால் யாரோ ஒருத்தி, "தண்ணி எடுக்கறியா, நான் எடுத்துக்கட்டா?" என்று கேட்டாள். தேவமணி கயிற்றைப் பிடித்தாள். வாளி சுவரில் இடித்துக்கொண்டே இறங்கியது. வீட்டுக்கு வந்து ஜேம்ஸிடம், "என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு நாள் லீவு போட்டு அவள் கூடவே இருந்தான். அவன் வேலைக்குத் திரும்பியபோது சர்ச்சிலிருந்து ஆரோக்கியசெல்வி என்ற கிழவி வந்து, திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பத்தொன்பது நாள் கழித்து ராஜாத்தி வந்தாள். வாசற்படி ஏறவில்லை. தோளில் குழந்தை, கையில் அதே மூட்டை.

"நானே தெச்சிப் பாத்தேன். வரல. ஊசி பட்டாலே பிஞ்சிக்குது" என்றாள், எங்கோ பார்த்தபடி. "வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. எது எங்க கிழிஞ்சிதுன்னு ஒனக்குத்தான் தெரியும்."

தேவமணி பின்னால் நகர்ந்தாள். "வேணாம் ராஜாத்தி. நான் கெடுத்துடுவேன்."

"கெட்டுத்தான் கெடக்குது. இன்னும் என்னாத்த கெடுக்கப்போற?"

தேவமணி கையை நீட்டி மூட்டையை வாங்கினாள்.

"நான் எதிர்ல உக்காந்திருப்பேன். நீ தெய்யி. ஒரு தையல் கூடப் பிரிக்கக் கூடாது. பிரிச்சியா, நான் எடுத்துகினு போயிடுவேன்."

கோவிந்தப்பனின் பழைய வேட்டிகள் இரண்டை ராஜாத்தி கொண்டுவந்திருந்தாள். கெட்டித் துணி. அதை அடியில் விரித்து, கிழிசல்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி தேவமணி பரப்பினாள். எங்கும் சதுரம் இல்லை, ஓரம் இல்லை. ஊதா நார்கள் பறந்தன. அவற்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினாள்.

முதல் வரி பாதி போவதற்குள்ளேயே கோணியது. பழைய துளைகளை விலக்கி நல்ல இழையாகப் பார்த்துக் குத்த வேண்டியிருந்தது. அதனால் ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. தேவமணியின் கை தன்னால் கத்தரிக்கோலுக்குப் போனது.

"விடுக்கா" என்றாள் ராஜாத்தி.

"ரெண்டு வெரல் தள்ளிப் போயிடிச்சி. பாரேன். இந்த ஒண்ணை மட்டும்..."

"விடு."

விட்டாள். அடுத்த தையலைப் போட்டாள்.  கண்ணுக்கு முன்னால் அந்தக் கோணல் மட்டுமே பெரிதாக நின்றது. யாரோ தன்னை உரித்துத் தெருவில் நிறுத்திவிட்டது போல இருந்தது. ஐந்து வரி தைப்பதற்குள் மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அன்று அவ்வளவுதான் முடிந்தது. ராஜாத்தி மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாள். மறுநாள் மாட்டு வேலை முடித்து மறுபடி வந்தாள்.

இப்படி எட்டு நாள். இருவரும் அதிகம் பேசவில்லை. ஒருநாள் ராஜாத்தி தானாகவே சொன்னாள், "எங்கக்கா பிரசவத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புனா. அறுவடை முடியட்டும்னு நான் வரல." அவள் அழவில்லை. தேவமணி ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு மறுபடி தைக்கத் தொடங்கினாள். அன்று தன் தையலைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. பாதி வரிக்கு மேல் போன பிறகுதான், கையைப் பற்றி யோசிக்காமல் தைத்திருக்கிறோம் என்று உறைத்தது.

ஏழாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கழுவிவிட ராஜாத்தி கொல்லைப்பக்கம் போனாள். தேவமணி தனியாக இருந்தாள். அப்போது தைத்துக்கொண்டிருந்த வரி ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அசிங்கமாகச் சுருங்கிக் கிடந்தது. நான்கு தையல் பிரித்தால் போதும். யாருக்கும் தெரியாது. கத்தரிக்கோல் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துவிட்டாள். நூலுக்கு அடியில் முனையை நுழைத்தும் விட்டாள். கொல்லையில் குழந்தை அழுவதும் ராஜாத்தி அதைச் சமாதானப்படுத்துவதும் கேட்டன. நூல் முனையில் விறைத்து நின்றது. வெட்டச் சொல்லி உடம்பு முழுதும் கெஞ்சியது. கத்தரிக்கோலை மெல்ல வெளியே உருவி, எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டாள். சுருக்கத்தின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு அடுத்த தையலைப் போட்டாள். ராஜாத்தி திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் வரி முடிந்திருந்தது.

எட்டாம் நாள் மாலை வெளிச்சம் போவதற்குள் கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள். விரித்துப் பார்த்தார்கள். வரிகள் ஏறி இறங்கி, சில இடங்களில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு மூலை மற்றதைவிட நீளம். தேவமணிக்கு அது பிடிக்கவில்லை. அந்த நிமிஷம் மட்டுமல்ல, பிற்காலத்திலும் ஒருபோதும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இழுத்துப் பார்த்தாள், கிழியவில்லை.

ராஜாத்தி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. படியிறங்கியவள் நின்று, "நாளைக்கு வெண்ணெ எடுப்பேன். மோர் கொண்டாந்து தரேன்" என்றாள்.

பங்குனியில் ஒரு காலை தேவமணி தண்ணீருக்குப் போனாள். இந்த முறை சுற்றிப் போகவில்லை. குழந்தை நனைத்த போர்வையை அலசிக் கோவிந்தப்பன் வீட்டு வேலிமேல் போட்டிருந்தார்கள், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி. வெயிலில் ஒவ்வொரு கோணலும் தெரிந்தது. முன்னால் போன மாரம்மா நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு தெச்சது இதை? இப்பிடிக் கோணல்மாணலா?"

தேவமணிக்குக் காது சுட்டது. குடம் இடுப்பில் வழுக்கியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள்.

மாரம்மா அவளையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தாள். தேவமணி மேலே ஒன்றும் விளக்கவில்லை. கிணற்றடியில் கூட்டம் சேர்வதற்குள் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று நடையை எட்டிப் போட்டாள்.